இன்று தொடங்கினால் எந்த நாளிலிருந்து பாதுகாப்பு? கருத்தடை முறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“மாத்திரை சாப்பிட ஆரம்பித்துவிட்டேனே, பிறகு எப்படிக் கரு தங்கியது?” கருத்தடை ஆலோசனை அறையில் உட்கார்ந்திருந்த ஆண்டுகளில் இந்தக் கேள்வியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள் கூட மாத்திரையைத் தவறவிடாதவர்கள். தினமும் ஒன்று என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். எந்த நாளிலிருந்து அதை நம்பலாம் என்று யாரும் சொல்லவில்லை. விடுபட்டுப்போன அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பக்கம். இங்கே இருப்பவை பொதுவான விதிகள். இரத்தக்கட்டு, உயர் இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, மார்பகப் புற்றுநோய் போன்றவை உங்களுக்கு இருந்தாலோ முன்பு இருந்திருந்தாலோ, முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

எந்த முறையானாலும் தொடங்கிய அன்றே பாதுகாப்பு வந்துவிடாதா?

சிலவற்றில் வந்துவிடும், சிலவற்றில் வராது. கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி, பொருத்திய நிமிடத்திலிருந்தே வேலை செய்கிறது. ஆணுறை போட்டிருக்கும் நேரம் முழுவதும் காக்கிறது. ஹார்மோன் முறைகளில், மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளில் தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து உடனேயோ, 2 நாள் கழித்தோ, 7 நாள் கழித்தோ பாதுகாப்பு வரும். ஆண்களுக்கான அறுவை சிகிச்சைக்குச் சுமார் 3 மாதம் ஆகும்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் நாட்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். கருமுட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான், பல நேரங்களில் அதுவும் இல்லை. ஒரு முறை நம்மைக் காக்க வேண்டுமானால் முட்டை வெளிவருவதை நிறுத்த வேண்டும், அல்லது விந்தணு முட்டையிடம் போய்ச் சேராமல் தடுக்க வேண்டும். தடுப்பது உடனே நடக்கக்கூடியது. முட்டையை நிறுத்துவதற்குச் சில நாள் பிடிக்கும்.

“சுழற்சியின் முதல் நாள்” என்று எதைச் சொல்கிறீர்கள்?

இரத்தப்போக்கு முறையாகத் தொடங்கும் நாள்தான் 1. அதற்கு முந்தைய நாள் லேசாகக் கறை பட்டதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். போக்கு நின்ற நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் நிறையப் பேர்; அப்படி எண்ணினால் 4, 5 நாள் தப்பிப் போய்விடும். முதல் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்த வட்டத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த சாதாரணக் கருத்தடை மாத்திரைக்கு (கூட்டு மாத்திரை) எத்தனை நாள்?

மாதவிடாயின் 1 முதல் 5 நாட்களுக்குள் முதல் மாத்திரையை விழுங்கினால் அன்றே பாதுகாப்பு. வேறு எந்த நாளில் தொடங்கினாலும் 7 நாள். அந்த ஏழு நாளும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டுக்கொண்டே ஆணுறையும் பயன்படுத்துங்கள், அல்லது உறவைத் தவிருங்கள்.

அடுத்த மாதவிடாய் வரும்வரை காத்திருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கர்ப்பம் இல்லை என்பது தெளிவாக இருந்தால் இன்றே தொடங்கலாம். காத்திருக்கச் சொல்லி அனுப்பிவைத்த பெண்களில் சிலர் மாதவிடாய்க்குப் பதிலாகக் கர்ப்பத்தோடு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்றே தொடங்கி ஏழு நாள் ஆணுறை என்பதுதான் அதைவிட நல்ல வழி.

அது என்ன 7 நாள் கணக்கு?

சூலகத்தில் ஒவ்வொரு மாதமும் சில முட்டைப்பைகள் வளரத் தொடங்கும். அவற்றுள் ஒன்று முந்திக்கொண்டு முதிர்ந்து வெடிக்கும். முட்டை வெளியே வரும். மாத்திரையில் உள்ள ஹார்மோன், அந்த வளர்ச்சியைத் தூண்டும் மூளைச் சமிக்ஞையை அடக்குகிறது. தொடர்ந்து ஏழு மாத்திரைகள் உள்ளே போனால்தான் சூலகம் நம்பத்தக்க அளவுக்கு அடங்குகிறது. மாதவிடாயின் முதல் சில நாட்களில் முட்டைப்பைகள் சிறியவையாக இருக்கும், வெடிப்பதற்கு நாள் கிடக்கும். அந்த நேரத்தில் தொடங்கினால் மாத்திரை முந்திக்கொள்கிறது, காத்திருப்பு தேவைப்படுவதில்லை. சுழற்சியின் 11ஆம் நாளில் தொடங்கினால் நிலைமை வேறு. முட்டைப்பை ஏற்கெனவே பெருத்திருக்கும். இரண்டு மூன்று மாத்திரைகளால் அதைத் தடுத்து நிறுத்த முடியாது.

அட்டையில் எந்த மாத்திரையிலிருந்து தொடங்குவது?

கேட்கத் தயங்குகிறார்கள், ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. 28 மாத்திரை கொண்ட அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பல அட்டைகளில் 21 மாத்திரை ஒரு நிறத்திலும், கடைசி வரிசையில் 7 மாத்திரை வேறு நிறத்திலும் இருக்கும். அந்த ஏழில் கருத்தடை ஹார்மோன் கிடையாது. வெறும் மாத்திரையாகவோ இரும்புச் சத்தாகவோ இருக்கும். பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் தன் அட்டையை என் மேசை மீது வைத்தார். ஏழு குழிகள் காலியாக இருந்தன, ஏழும் கீழ் வரிசையில். அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அந்த முனையிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். ஒரு வாரம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் ஒரு நாள் பாதுகாப்பு கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

அட்டையில் அம்புக்குறியோ “தொடக்கம்” என்ற குறியோ இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். 24 ஹார்மோன் மாத்திரையும் 4 வெற்று மாத்திரையும் உள்ள அட்டைகளும் உண்டு. புரிந்துகொள்ள முடியவில்லை என்றால் கொடுத்தவரிடமே பேனாவால் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள மாத்திரைக்கு 2 நாள் போதும் என்கிறார்களே?

உண்மைதான். 1 முதல் 5 நாட்களுக்குள் தொடங்கினால் உடனே. மற்ற நாட்களில் 48 மணி நேரம். பழைய வகை மாத்திரைகள் கருப்பைவாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணுவுக்கு வழி அடைக்கின்றன; அதற்கு இரண்டு நாள் போதும். டெசோஜெஸ்ட்ரெல் உள்ள மாத்திரை இதோடு முட்டை வெளிவருவதையும் பெரும்பாலும் நிறுத்துகிறது, அதற்கும் காத்திருப்பு 2 நாள்தான். ட்ரோஸ்பைரினோன் மட்டும் உள்ள புதிய மாத்திரை விதிவிலக்கு: மாதவிடாயின் முதல் நாளில் தொடங்கினால் உடனே, இல்லாவிட்டால் 7 நாள்.

சீக்கிரம் பலிக்கும் மாத்திரை சீக்கிரம் கைவிடவும் செய்யும். பழைய வகையை வழக்கமான நேரத்தைவிட 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சாப்பிட்டாலே தவறவிட்டதாகக் கணக்கு. டெசோஜெஸ்ட்ரெலுக்கு 12 மணி நேரம் வரை பொறுக்கலாம், ட்ரோஸ்பைரினோனுக்கு 24 மணி நேரம். தவறவிட்டால் முதல் இரண்டு வகைக்கும் இன்னொரு முறை 2 நாள் ஆணுறை.

நடுவில் மாத்திரையை மறந்துவிட்டேன். எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்குமா?

கூட்டு மாத்திரையில் ஒன்றே ஒன்று விட்டுப்போயிருந்தால் பதற வேண்டாம். நினைவு வந்தவுடன் அதைச் சாப்பிட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் சாப்பிடுங்கள். ஒரே நாளில் இரண்டு சாப்பிட வேண்டி வந்தாலும் பரவாயில்லை.

தொடர்ச்சியாக இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால் 7 நாள் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. கடைசியாக விட்ட மாத்திரையை மட்டும் உடனே சாப்பிடுங்கள், மற்றவற்றை விட்டுவிடுங்கள். ஏழு மாத்திரை தொடர்ந்து உள்ளே போகும்வரை ஆணுறை. ஏழு முடிவதற்குள் அட்டையின் ஹார்மோன் மாத்திரைகள் தீர்ந்துவிட்டால், வெற்று மாத்திரைகளைத் தொடாமல் நேரே அடுத்த அட்டைக்குப் போய்விடுங்கள். முதல் வாரத்தில் மாத்திரைகள் விட்டுப்போயிருந்து, கடந்த 5 நாளுக்குள் உறவும் நடந்திருந்தால் அவசரக் கருத்தடை தேவையா என்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, புதிய அட்டையைத் தாமதமாகத் தொடங்குவது. ஊருக்குப் போன இடத்தில் அட்டை இல்லை, இரண்டு நாள் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். ஏற்கெனவே ஏழு நாள் ஹார்மோன் இல்லாமல் இருந்த சூலகம் விழித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. இடைவெளி ஒன்பது நாளானால் முட்டை தயாராகிவிடக்கூடும். அட்டையின் நடுவே மாத்திரை தவறுவதைவிட ஓரத்தில் தவறுவதுதான் கெடுதல்.

வாந்தி வந்தாலோ வேறு மருந்து சாப்பிட்டாலோ?

விழுங்கிய 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை சாப்பிடுங்கள். கடுமையான வாந்தியோ வயிற்றுப்போக்கோ இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால், அந்த நாட்களை மாத்திரை தவறிய நாட்களாகவே கருதுங்கள்.

சாதாரண ஆன்டிபயாட்டிக் மருந்துகள் கருத்தடை மாத்திரையைக் கெடுப்பதில்லை. கெடுப்பவை வேறு: காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபைன், ஃபெனிடாயின் போன்றவை. இவை கல்லீரலை முடுக்கிவிட்டு ஹார்மோனை வேகமாக வெளியேற்றச் செய்கின்றன. இவற்றைச் சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பிறகு 4 வாரமும் மாத்திரையை நம்ப முடியாது; கையின் தோலுக்கடியில் வைக்கும் உள்வைப்பையும் நம்ப முடியாது. காப்பர்-டி, அதைப் போலவே கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் லூப், மூன்று மாத ஊசி ஆகியவற்றை இந்த மருந்துகள் பாதிப்பதில்லை.

தோலில் ஒட்டும் பட்டை, யோனி வளையம்?

இரண்டும் கூட்டு மாத்திரையின் உடன்பிறப்புகள். முதல் 5 நாட்களுக்குள் என்றால் உடனே, இல்லையேல் 7 நாள்.

ஊசி போட்டுக்கொண்டேன். அன்று இரவே கவலையில்லாமல் இருக்கலாமா?

மாதவிடாய் தொடங்கி 7 நாட்களுக்குள் போட்டிருந்தால் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சில நாடுகளின் வழிகாட்டுதல்கள் இதை 5 நாள் என்று இறுக்கிப் பிடிக்கின்றன. 5 என்றே நீங்களும் வைத்துக்கொண்டால் எந்தக் கணக்கிலும் பிழை வராது. அதன் பிறகு போட்டிருந்தால் 7 நாள் ஆணுறை.

மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரான் ஊசி 3 மாதத்துக்கு ஒன்று. அடுத்த தேதியை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 4 வாரம் வரை பிந்திப்போனாலும் கூடுதல் பாதுகாப்பு இல்லாமல் அடுத்த ஊசியைப் போடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேறு சில வழிகாட்டுதல்கள் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. தேதி தவறினால் அடுத்த நாளே போய்விடுங்கள் என்பதுதான் என் பேச்சு.

இதை ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்: ஊசியை நிறுத்திய பிறகு கருவுறும் திறன் திரும்ப மாதங்கள் ஆகும். கடைசி ஊசியிலிருந்து 9, 10 மாதம் ஆவது சாதாரணம், அதற்கு மேலும் ஆகலாம். அடுத்த ஆண்டே குழந்தை வேண்டும் என்று நினைப்பவருக்கு நான் ஊசியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கையில் வைக்கும் உள்வைப்பு?

மேல்கையின் உட்புறத் தோலுக்கடியில் வைக்கப்படும் தீக்குச்சி அளவுக் குச்சி. 1 முதல் 5 நாட்களுக்குள் வைத்தால் உடனே, மற்ற நாட்களில் 7 நாள். அதன் பிறகு நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. வகையைப் பொறுத்து 3 அல்லது 5 ஆண்டு தாங்கும். இருக்கிற முறைகளில் மிகக் குறைவாகத் தோற்பது இதுதான்: ஓராண்டில் ஆயிரம் பெண்களில் ஏறத்தாழ ஒருவர்.

காப்பர்-டி உடனே வேலை செய்கிறது. ஹார்மோன் லூப் அப்படியில்லை என்கிறீர்கள். இரண்டும் ஒரே இடத்தில்தானே இருக்கின்றன?

இடம் ஒன்று, வேலை வேறு. காப்பர்-டியின் தண்டிலும் கைகளிலும் உள்ள செம்பிலிருந்து கசியும் அயனிகள் விந்தணுவுக்கு நஞ்சு. அவை நீந்த முடியாமல் முடங்கிப்போகின்றன. சூலகத்தின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எனவே சுழற்சியின் எந்த நாளில் பொருத்தினாலும் அந்த நொடியிலிருந்தே பாதுகாப்பு. பாதுகாப்பற்ற உறவு நடந்து 5 நாட்களுக்குள் பொருத்தினால் நடந்து முடிந்த உறவுக்கும் சேர்த்தே காக்கும். அவசரக் கருத்தடையில் இதற்கு இணையானது இல்லை. 380ஏ வகை 10 ஆண்டு வரை உள்ளே இருக்கலாம்.

லெவோநார்ஜெஸ்ட்ரெல் வெளியிடும் ஹார்மோன் லூப், கருப்பைவாய்ச் சளியைக் கெட்டியாக்கியும் கருப்பையின் உட்படலத்தை மெலிதாக்கியும் வேலை செய்கிறது. மாதவிடாய் தொடங்கிய 5 நாட்களுக்குள் பொருத்தினால் காத்திருக்க வேண்டாம். 7 நாள் வரை ஒப்புக்கொள்ளும் வழிகாட்டுதல்களும் உண்டு. மற்ற நாட்களில் 7 நாள் காத்திருப்பு.

ஆணுறைக்குக் காத்திருப்பு கிடையாது, சரிதானே?

சரி. ஆனால் உறுப்புகள் ஒன்றையொன்று தொடுவதற்கு முன்பே போட வேண்டும். “கடைசி நேரத்தில் போட்டுக்கொண்டோம்” என்று வருகிறவர்கள் குறைவில்லை. லேடெக்ஸ் ஆணுறையோடு எண்ணெய், வாசலைன் சேர்ந்தால் சில நிமிடங்களில் அது இளகிக் கிழியும். நீர் சார்ந்த வழுவழுப்புக் களிம்பை மட்டும் பயன்படுத்துங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு போட வேண்டாம். பெண்ணுறையை உறவுக்கு வெகு நேரம் முன்பே பொருத்தி வைத்துக்கொள்ளலாம். எச்.ஐ.வி. உள்ளிட்ட பால்வினைத் தொற்றுகளிலிருந்தும் காப்பவை உறைகள்தான். மாத்திரையோ லூப்போ அந்த வேலையைச் செய்வதில்லை.

விந்துக்கொல்லி மாத்திரையை யோனிக்குள் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அது கரைவதற்குச் சுமார் 10 நிமிடம் பொறுக்க வேண்டும். அதைத் தனியாக மட்டும் நம்பியிருப்பது போதாது.

அவசரக் கருத்தடை மாத்திரை சாப்பிட்டுவிட்டேன். இனி இந்த மாதம் கவலையில்லையா?

இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அவசர மாத்திரை நடந்து முடிந்த உறவுக்கு மட்டும்தான். நாளைய உறவுக்கு அது எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. சொல்லப்போனால் ஆபத்து கூடுகிறது. மாத்திரை முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போன முட்டை சில நாள் கழித்து வெளிவரும். “அதுதான் மாத்திரை சாப்பிட்டாயிற்றே” என்று அந்த நாட்களில் பாதுகாப்பில்லாமல் இருந்தவர்கள்தான் இந்த மாத்திரையைப் பழித்துக்கொண்டு வருகிறார்கள்.

லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. யூலிப்ரிஸ்டல் 30 மில்லிகிராம் 120 மணி நேரம் வரை பலிக்கும். முட்டை ஏற்கெனவே வெளிவந்துவிட்டிருந்தால் இரண்டாலும் பயனில்லை. உடல் எடை 70 கிலோவுக்கு மேல் இருந்தால் லெவோநார்ஜெஸ்ட்ரெலின் வலு குறையக்கூடும். அப்போது காப்பர்-டி அல்லது யூலிப்ரிஸ்டல் பற்றிக் கேளுங்கள்.

அதன் பிறகு வழக்கமான மாத்திரையைத் தொடங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. லெவோநார்ஜெஸ்ட்ரெலுக்குப் பின் கூட்டு மாத்திரையை உடனே தொடங்கலாம், 7 நாள் ஆணுறையோடு. யூலிப்ரிஸ்டலுக்குப் பின் 5 நாள் பொறுத்துத்தான் தொடங்க வேண்டும். முன்பே தொடங்கினால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடும். அந்த 5 நாளும் அதன் பின் 7 நாளும் சேர்த்து மொத்தம் 12 நாள் ஆணுறை.

பிரசவத்துக்குப் பிறகு எப்போது தொடங்க வேண்டும்? இன்னும் மாதவிடாயே வரவில்லை.

மாதவிடாய்க்காகக் காத்திருந்தால் பிந்திவிடும். முட்டை முதலில் வரும், மாதவிடாய் அதற்கு இரண்டு வாரம் பின்னால் வரும். முதல் மாதவிடாயையே பார்க்காமல் மீண்டும் கருவுற்ற தாய்மார்கள் இருக்கிறார்கள். குறைந்த இடைவெளியில் வந்த அந்தக் கர்ப்பங்களின் களைப்பை அவர்கள் முகத்தில் பார்த்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தாய்ப்பால் கொடுக்காதவருக்குப் பிரசவமான 21ஆம் நாளிலிருந்தே கருத்தடை தேவை.

தாய்ப்பால் ஒரு முறையாகவே பலிக்கும், மூன்று நிபந்தனைகளும் ஒருசேர இருந்தால்: குழந்தைக்கு 6 மாதம் ஆகவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே (வேறு எந்த உணவும் இல்லை), மாதவிடாய் திரும்பவில்லை. இந்த நிலையில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் காப்பாற்றப்படுகிறார்கள். மூன்றில் ஒன்று கழன்றாலும் அன்றே வேறு முறை வேண்டும்.

உள்வைப்பையும் புரோஜெஸ்டோஜன் மாத்திரையையும் பிரசவமான உடனேயே தொடங்கலாம், பால் கொடுப்பவர்களும்தான். 21 நாளுக்குள் தொடங்கினால் காத்திருப்பு இல்லை. பால் கொடுப்பவர்களுக்கு மூன்று மாத ஊசியை 6 வாரத்துக்குப் பிறகு போடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காப்பர்-டியை முதல் 48 மணி நேரத்துக்குள் பொருத்தலாம்; தவறினால் 4 வாரம் கழித்து. ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையை முதல் 3 வாரம் யாருமே தொடக் கூடாது, இரத்தம் உறையும் ஆபத்து அப்போது அதிகம். பால் கொடுப்பவர்கள் 6 வாரம் வரை அதைத் தவிர்க்க வேண்டும். பாலை மட்டுமே நம்பியுள்ள குழந்தையானால் 6 மாதம் வரை தள்ளிவைப்பது நல்லது.

கருச்சிதைவு அல்லது கருக்கலைப்புக்குப் பின்?

இரண்டே வாரத்தில், சிலருக்கு அதற்கு முன்பே, முட்டை வெளிவரலாம். அன்றோ அதிலிருந்து 5 நாட்களுக்குள்ளோ தொடங்கினால் எந்த ஹார்மோன் முறைக்கும் காத்திருப்பு இல்லை. மனம் சரியில்லாத நேரத்தில் இதைப் பற்றிப் பேசப் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே, அங்குள்ள மருத்துவப் பணியாளர்களாகவே ஒருமுறை மென்மையாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை ஏன் உடனே பலிப்பதில்லை?

மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடிவிட்டுக் கீழே குழாயைத் திறந்து பாருங்கள். குழாயில் நிற்கும் தண்ணீர் சற்று நேரம் வரத்தான் செய்யும். வாசக்டமி எனப்படும் இந்த அறுவை சிகிச்சையிலும் அதுதான் நடக்கிறது. விந்தணு வரும் குழாயை வெட்டிக் கட்டிவிடுகிறார்கள். வெட்டிய இடத்தைத் தாண்டி ஏற்கெனவே போய்விட்ட விந்தணுக்கள் மேலே தங்கியிருக்கின்றன. அவை முழுவதும் வெளியேறும்வரை கருவுறச் செய்யும் திறன் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 3 மாதம் வேறு முறையைப் பயன்படுத்தச் சொல்கிறது. பிறகு விந்துப் பரிசோதனை செய்து, விந்தணு இல்லை என்று எழுத்தில் வாங்க வேண்டும். 20 முறை வெளியேறிவிட்டால் போதும் என்ற பழைய கணக்கை நம்பாதீர்கள். சிலருக்கு அதன் பிறகும் விந்தணு தென்படும்.

பலர் அந்தப் பரிசோதனைக்குப் போவதே இல்லை. ஒரு தம்பதி என் முன்னே உட்கார்ந்திருந்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தே வாரம். மனைவிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது, கணவர் தலைகுனிந்து இருந்தார். அவருக்குள் ஓடிக்கொண்டிருந்த சந்தேகம் எனக்குப் புரிந்தது. குழாய்களின் படத்தை ஒரு தாளில் வரைந்து, மீதமிருந்த விந்தணுக்கள் எங்கே நிற்கும் என்று காட்டினேன். அவர் படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, “இதை அன்றைக்கே ஒருவரும் சொல்லவில்லையே” என்றார். மனைவி அப்போதுதான் அழுதார். மூன்று மாதக் கணக்கைச் சொல்லாமல் விடுவது ஒரு குடும்பத்தின் நம்பிக்கையையே உடைத்துவிடக் கூடும்.

பெண்களுக்கான அறுவை சிகிச்சை?

வயிற்றுவழியாகவோ லேப்ராஸ்கோப்பி மூலமாகவோ கருக்குழாயைக் கட்டினால் அன்றே பலன். ஆனால் அறுவை சிகிச்சை நாள்வரை பழைய முறையை விடாதீர்கள். முந்தைய நாட்களில் முட்டை கருவுற்றிருந்தால் குழாயைக் கட்டுவதால் அது நிற்காது. அடுத்த மாதவிடாய்வரை கூடுதல் பாதுகாப்பைத் தொடரச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அப்படிச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இடைவெளி விட வேண்டுமா?

விடவே கூடாது. உடலுக்கு ஓய்வு கொடுக்க ஒரு மாதம் நிறுத்திவிட்டு மாறலாம் என்று நினைக்கிறார்கள். உடல் அப்படி ஓய்வு எதையும் கேட்பதில்லை. மாத்திரையிலிருந்து ஹார்மோன் லூப்புக்கு மாறினால், லூப் பொருத்திய பிறகும் 7 நாள் மாத்திரையைத் தொடருங்கள்.

காப்பர்-டியை எடுத்துவிட்டு மாத்திரைக்கு மாறுவதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். நேற்று உறவு நடந்தது, இன்று காப்பர்-டியை எடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். நேற்றைய விந்தணு இன்னும் உயிரோடு இருக்கலாம், அதை முடக்கிக்கொண்டிருந்த செம்பு இப்போது இல்லை. ஆகவே எடுப்பதற்கு 7 நாள் முன்பே மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள், அல்லது அந்த ஏழு நாளும் ஆணுறை பயன்படுத்துங்கள்.

பாதுகாப்பான நாட்களைக் கணக்கிட்டு இருப்பது?

உடனே நம்பக் கூடிய முறை இது இல்லை. உடல் வெப்பம், சளியின் தன்மை ஆகியவற்றைக் குறித்துவைத்துப் பழகக் குறைந்தது மூன்று சுழற்சி ஆகும். அதுவரை ஆணுறை வேண்டும். சுழற்சி எப்போதும் 26 முதல் 32 நாளுக்குள் இருப்பவர்கள் 8 முதல் 19 வரையான நாட்களைத் தவிர்க்கும் எளிய கணக்கும் உண்டு. சுழற்சி ஒழுங்கில்லாதவர்களுக்கு அது பொருந்தாது. விந்து வெளிவரும் முன் விலகிக்கொள்வதை மட்டும் நம்புகிறவர்களில் ஓராண்டுக்குள் நூற்றில் ஏறக்குறைய 20 பேர் கருவுறுகிறார்கள்.

அந்தக் காத்திருப்பு நாட்களில் பாதுகாப்பில்லாமல் உறவு நடந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

தொடங்கிய முறையை நிறுத்தாதீர்கள். 5 நாள் தாண்டவில்லை என்றால் இன்றே மருத்துவரிடமோ மருந்தகத்திலோ அவசரக் கருத்தடை பற்றிக் கேளுங்கள். நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம். ஹார்மோன் மாத்திரை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள், எந்த அவசர மாத்திரை பொருந்தும் என்பது அதைப் பொறுத்தது. அந்த உறவிலிருந்து 21 நாள் கழித்துச் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு முன் செய்து “இல்லை” என்று வந்தால் நம்ப முடியாது. மாத்திரை சாப்பிடும்போது வரும் இரத்தப்போக்கையும் கர்ப்பம் இல்லை என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவேளை கரு தங்கியிருந்தாலும், அதுவரை சாப்பிட்ட மாத்திரைகளால் குழந்தைக்குக் கெடுதல் வந்ததாகச் சான்று இல்லை. தெரிந்தவுடன் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.